கணிப்பொறியும் உழைப்போர் நேரமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சந்தவாசலில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் அப்பொருள் பற்றி அறிஞர் பலர் பேசிச் சென்றுள்ளனர். நாமும் இருமுறை பேசியிருக்கிறோம். ஆகவே இம்முறை வேறொரு பொருள் பற்றிப் பேச இசைவு கேட்டோம், அன்புடன் அளித்தார்கள். இச்சங்கம் தொடங்கிய நாளில் நம் குடியிருப்புகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எம் பழைய மாணவர்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். கடைகளும் ஆலைகளும் அலுவலகங்களும் தத்தம் அலுவல்களை நடத்துதற்குரிய மென்பொருள்களை ஆக்குவது அவர்கள் தொழில். அத்தொழிலைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

நிரல் ஒரு வரியேனும் எழுதத் தெரியாத பள்ளித் தலைமையாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று அவர்கள் தமக்குள் சிரித்துக்கொள்ளலாம். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் குறைந்தது தெரியுமல்லவா? அவ்வளவே எமது தகுதி.

நேரம் என்பது எல்லார்க்கும் ஒன்றே என்று பள்ளியில் கற்பிக்கிறோம். நாள் ஒன்றுக்கு 24 மணி. அரசனுக்கும் அதுவே, ஆண்டிக்கும் அதுவே என்கிறோம். கணக்கில் அது சரி, வாழ்க்கையில் சரியன்று. மாதச் சம்பளம் பெறுகிறவர் ஓர் அலுவலகத்தில் அரைநாள் காத்திருந்தால் அவருக்குச் சலிப்பு மட்டுமே மிஞ்சும். நாட்கூலி பெறுகிறவர் அதே அரைநாள் காத்திருந்தால் அன்றைய உலை மிஞ்சாது. இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். வாரத்திற்கு 54 மணியாக இருந்த ஆலைத் தொழிலாளரின் வேலைநேரம் 48 மணியாகக் குறைந்தது, அவர் கொண்டுவந்த 1946-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தினாலாகும். அரசியல் சட்டம் இயற்றியவராக மட்டும் அவரைப் போற்றுகிறோம். உழைப்போர்க்கு வாரத்தில் ஆறு மணி நேரத்தை மீட்டுத் தந்தவர் அவர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எனினும், அச்சட்டம் ஆலைச் சுவருக்குள் இருந்தவர்களையே காத்தது. வயலில் நின்றவரையும், வீட்டுக்குள் தறிக்குழியில் அமர்ந்தவரையும் அது எட்டவில்லை.

தறி என்றவுடன் ஒன்று சொல்லியாக வேண்டும். இது ஆரணிப் பட்டுச் சீமை. கோர்வைக் கரை வைத்து நெய்யும் தறியில் நாடா மூன்று. நெய்பவர் ஒருவர் மட்டும் இருந்தால் வேலை ஓடாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க ஒரு துணை ஆள் வேண்டும். அந்தத் துணை ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்த காலத்தை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டார் வாங்கிய முன்பணத்திற்காக நம் குடியிருப்புப் பிள்ளைகளும் அவ்வாறு அமர்ந்தார்கள். ஆசிரியப் பணிக்கு நாம் வந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வாரக்கணக்கில் குறுக்குக் கோடு விழுந்தால், எந்தத் தெருவில் எந்தத் தறியருகே அப்பிள்ளையைத் தேடவேண்டும் என்பது எமக்குத் தெரியும்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரப் பட்டுத் தறிகளிலும் இதே நிலைமை இருந்தது. பூவேலைக்குரிய இழைகளைத் தூக்கிக் கொடுப்பதற்குத் தறியருகில் ஒரு சிறுவன் நாள் முழுவதும் கயிறு இழுத்துக்கொண்டிருப்பான். துளையிட்ட அட்டைகளே எந்த இழை எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும்படியான கருவியை 1804-இல் ஜக்கார்டு என்பவர் அமைத்தார். இன்று ஆரணித் தறிகளின் தலைமேல் அமர்ந்திருப்பது அவர் பெயர்கொண்ட பெட்டியேயாகும். அதே துளையட்டைக் கருத்தைக் கையாண்டு ஹாலரித் என்னும் அமெரிக்கர் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எந்திரத்தால் எண்ணினார். அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றுடன் 1911-இல் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. ஆகவே கணிப்பொறித் தொழிலுக்குப் பட்டுத் தறி ஒரு வகையில் பாட்டன் முறை என்று நம் பிள்ளைகள் பெருமைப்படலாம். ஆனால் நாம் சொல்லவந்தது பெருமையை அன்று. அக்கருவி ஒரு பிள்ளையைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. லியோன் நெசவாளர் பலர் தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சி அதை எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. எந்தக் கருவி வந்தாலும், யாருடைய நேரம் மிஞ்சுகிறது, யாருடைய நேரம் பறிபோகிறது என்னும் இரண்டு கேள்விகளும் சேர்ந்தே வரும்.

எம் மாணவர் ஒருவரைப் பற்றி இங்குக் கூறவேண்டும். பெயர் சொல்ல வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டுள்ளார். இப்பள்ளிகளில் படித்து, பொறியியல் பட்டம் பெற்று, சென்னையில் வேலைக்குச் சென்றவர். 2020-இல் ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதால் ஊருக்கு வந்துவிட்டார். அப்பொழுது ஆரணிப் பக்கத்துப் பட்டு வணிகர் ஒருவர், தம் கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள் செய்து தருமாறு அவரைக் கேட்டார். நெசவாளர்க்குப் பட்டு நூலும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுப்பது, நெய்த சேலையை எடைபோட்டு வாங்குவது, சேதாரம் பார்ப்பது, கூலி தருவது ஆகிய இவ்வளவும் நெடுங்காலமாக நீளக் கணக்குப் புத்தகத்தில் நடந்து வந்தன. மூன்று மாத உழைப்பில் எம் மாணவர் அதைக் கணிப்பொறிக்கு மாற்றினார். வணிகர்க்கு மிக்க மகிழ்ச்சி. எந்த நிறச் சேலை எத்தனை, எந்தத் தறியில் சேதாரம் கூடுதல், எந்த மாதம் ஜரிகைச் செலவு மிகுதி என்பதையெல்லாம் விரல் அசைவில் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து மாணவர் எம்மிடம் வந்து வருத்தப்பட்டார். "ஐயா, கணக்குப்பிள்ளை பழைய புத்தகத்திலேயே எழுதுகிறார். இரவு கடை மூடியபின் உட்கார்ந்து மொத்தமாகக் கணிப்பொறியில் ஏற்றுகிறார். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. அவருக்குப் பயிற்சி போதாது" என்றார்.

கணக்குப்பிள்ளை சோம்பேறி அல்லர் என்பது அப்பேச்சிலேயே தெரிந்தது. சோம்பேறி ஒருவர் ஒரே வேலையை இருமுறை செய்யமாட்டார். "நீ கணிப்பொறியை வீட்டில் வைத்துவிட்டு, கூலி கொடுக்கும் நாளில் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் ஒருநாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திரு" என்றோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் ஆசிரியர் சொல்லைத் தட்டாமல் சென்றார்.

அன்று அவர் கண்டவற்றைப் பின்னர் எம்மிடம் ஒவ்வொன்றாகக் கூறினார். சேலை ஒன்று வந்தால் அவருடைய மென்பொருள் 19 கேள்விகள் கேட்டது: நெசவாளர் எண், தறி எண், பாவு எண், உடல் நிறம், கரை நிறம், முந்தானை வகை, ஜரிகை வகை என்று நீண்டது பட்டியல். கணக்குப்பிள்ளைக்கோ எந்த நெசவாளரின் எண்ணும் தெரியாது. எல்லாருடைய பெயரும் ஊரும் தெரியும். எண்ணைக் கண்டுபிடிக்க வேறொரு பட்டியலைத் திறக்கவேண்டும். அவருடைய வலக்கை தராசிலும் சேலையிலும் இருக்கும். பட்டில் அழுக்குப் படக்கூடாதென்று அக்கையால் வேறெதையும் தொடமாட்டார். எஞ்சியது இடக்கை ஒன்றே. புத்தகத்தில் எழுதினால் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்; கணிப்பொறியில் அன்று முயன்று பார்த்தபோது ஒன்பது நிமிடம் ஆயிற்று. திண்ணையில் இருபது பேருக்குமேல் காத்திருந்தார்கள். கடைசியாக இருந்த ஓர் அம்மையார் பிற்பகல் இரண்டு மணிப் பேருந்தைத் தவறவிட்டார். அடுத்த பேருந்து மாலையில்தான். அவர் வீட்டில் தறி அரைநாள் நின்றது.

இதில் எம் மாணவரின் உள்ளத்தைத் தைத்தது பேருந்து அன்று. ஒரு பாவில் மூன்று சேலை நெய்வார்கள். பாவு கொடுக்கும் நாளிலேயே நிறமும் கரையும் ஜரிகையும் முடிவாகிவிடுகின்றன. அப்படியிருக்க, ஒவ்வொரு சேலை வரும்போதும் அதே 15 கேள்விகளைத் தம் மென்பொருள் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அவரைத் தைத்தது. விடை தெரிந்த கேள்வியை மறுபடி கேட்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள். திண்ணையில் நிற்பவர்க்கு அந்தப் பொறுமைக்கு வசதியில்லை. இன்னொன்றையும் அவர் கவனித்தார். நெசவாளர் அனைவரும் கணக்குப்பிள்ளையிடம் கேட்டவை இரண்டே: என் பேரில் நூல் எவ்வளவு நிற்கிறது? எனக்குக் கூலி எவ்வளவு வரவேண்டும்? இவ்விரண்டும் அவருடைய மென்பொருளில் நான்காவது பக்கத்தில் ஒரு மூலையில் இருந்தன. வணிகர் மாதம் ஒருமுறை பார்க்கும் படங்கள் முதற்பக்கத்தில் நிறைந்திருந்தன. யார் காசு கொடுத்தாரோ அவருடைய கண்ணுக்கு ஏற்பவே தாம் அதைக் கட்டிவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார்.

பின்னர் அதைத் திருத்தி அமைத்தார். பெயரின் முதலிரண்டு எழுத்தைத் தட்டினால் ஊரோடு பெயர் வரும். சேலை வரும்போது கேள்வி நான்கே: எடை, குறை உண்டா, கூலிப் பிடித்தம், கையில் கொடுத்த தொகை. அவற்றிற்கும் எண் விசைகளே போதும், இடக்கையால் செய்யலாம். மின்சாரம் போனால் எழுதிக்கொள்ள, திரையில் உள்ள அதே வரிசையில் ஓர் அச்சிட்ட தாள். நெசவாளர் கையில், நூல் நிலுவையும் கூலியும் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்ட துண்டுச் சீட்டு. வணிகரின் படங்களில் ஒன்றும் குறையவில்லை. அவை முன்பே பெற்ற விவரங்களிலிருந்து தாமே உருவாயின. துண்டுச் சீட்டு வேண்டாமென்று வணிகர் முதலில் தயங்கினாராம். தன் கணக்குத் தன் கையில் இருப்பவர் கேள்வி கேட்பார் என்பதை வணிகர் அறிவார். மாணவர் விட்டுக்கொடுக்கவில்லை. எம் மாணவர் வாங்கிய மதிப்பெண்கள் எமக்கு நினைவில்லை, இது நினைவிலிருக்கும்.

வணிகக் கணக்கு என்றால் பலர் வாயிலும் வருவது 'டாலி' என்னும் மென்பொருள். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தபின் சிறு கடைகளிலும் அது புகுந்துவிட்டது. அது பிறந்த கதை கேட்கத் தக்கது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் எந்திர உறுப்புகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா என்பவர், தம் கணக்கை எழுத ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், கணிதப் பட்டதாரியான தம் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று செய்து தரச் சொன்னார். 1986-இல் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. அக்காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. எழுதுபவர் அவ்வெண்களை மனப்பாடம் செய்யவேண்டும், அல்லது பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். டாலி அந்த வழக்கத்தை விட்டது. கடைக்காரர் பேரேட்டில் எப்படிப் பெயர் எழுதுவாரோ அப்படியே எழுதலாம். எண்ணை நினைவில் வைப்பது எந்திரத்தின் வேலையாயிற்று. தந்தை பக்கத்தில் அமர்ந்து தம் சங்கடத்தைச் சொல்ல, மகன் அதைக் கேட்டுச் செய்தமையால் இது கைகூடியது என்பது எமது கருத்து. அந்தத் தந்தையின் இடத்தில் நம் கணக்குப்பிள்ளையை உட்கார வைப்பதே எம் மாணவர் தராசருகே செய்த வேலை.

நேரத்தை மீட்டுக் கொடுத்த மற்றொன்று இரயில்வே முன்பதிவு. இன்றைய இளைஞர்க்கு அப்பழைய நிலை தெரியாது. வண்டிக்கு ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு ஒரு சாளரம். ஒரு சாளரத்தில் நூறு பேர் நிற்பார்கள். அடுத்ததில் ஊழியர் ஈ ஓட்டுவார். வரிசை மாறி நின்றவர் மறுபடி கடைசியில் போய் நிற்கவேண்டும். 1985-இல் புதுதில்லியில் சோதனையாகத் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டு என்னும் நிலையைக் கொண்டுவந்தது. பின்னர் ஐந்து பெருநகர் நிலையங்களில் அமைந்த கணிப்பொறிகள் 1999-இல் ஒன்றோடொன்று இணைந்தன. அதற்கென விண்ணப்பத்தில் பயணி கூடுதலாக ஒன்றும் எழுதவேண்டியிருக்கவில்லை. உழைப்பெல்லாம் சாளரத்தின் உட்புறம் நடந்தது. பயன் வெளிப்புறம் நின்றவர்க்குக் கிடைத்தது.

இனி நேர்மாறான ஒன்று. இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முன்வரிசை இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு முன்பு தாளில் நடந்தது. 2021 மே மாதம் அதற்கென ஒரு கைப்பேசிச் செயலி வந்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லாப் பணியிடங்களிலும் அது கட்டாயமாயிற்று. நாளொன்றுக்கு இருமுறை, தொழிலாளரைப் பணியிடத்தில் நிறுத்திப் படமெடுத்து, இடக்குறிப்போடு ஏற்றவேண்டும். போலி வருகையைத் தடுப்பதே நோக்கம். நோக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. பொதுப்பணத்தில் களவு கூடாது.

ஆயினும், அதை வகுத்தவர்கள் ஓர் ஏரிக்கரையில் ஒருநாள் அமர்ந்து பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பார்கள்? அவ்வேலைக்குக் கூலி, வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. விடியலில் வந்து அளவை முடித்தவர் வீட்டிற்குப் போய்ச் சோறாக்கலாம், ஆட்டை அவிழ்க்கலாம், வேறு வேலைக்கும் போகலாம். இரண்டாவது படத்திற்காக வேலை முடிந்த பின்னும் நிற்கவேண்டிய நிலை வந்தபோது, மண்ணுக்குக் கொடுத்த கூலியில் நேரமும் சேர்த்து வாங்கப்பட்டது. இணைப்பு இல்லாத மலையோரங்களில் படம் ஏறுவதில்லை. வேலை செய்திருந்தும் வருகை இல்லையென்று ஆயிற்று எனப் பல மாநிலங்களிலிருந்தும் குறைகள் எழுந்தன. 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் தொடர்ப் போராட்டம் நடத்தினார்கள். இதனால் களவாவது நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தொடர்பில்லாத படங்களை ஏற்றுவதும், படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவதும் நடப்பதாக அது எடுத்துக்காட்டியது. ஏற்றப்பட்ட படங்களை அலுவலர்கள் கண்ணால் சரிபார்க்கவேண்டும் என்றும் அது பணித்தது. ஆக, ஏமாற்ற நினைத்தவர் அதற்கொரு வழி கண்டார். ஏமாற்றாதவர் வெயிலில் நின்றார். அலுவலர்க்கு வேலை கூடியது. அவ்வாண்டு டிசம்பரில் அச்சட்டத்திற்குப் பதிலாக வேறொரு சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டம் மாறலாம்; படமெடுத்து வருகை பார்க்கும் மனப்பான்மை அவ்வளவு எளிதில் மாறுமா என்பது ஐயமே.

எம் மாணவரின் தாயார் அந்த ஏரிக்கரையில் நின்றவர். தம் அலுவலகத்தில் தாம் செய்யும் வேலையும் இத்தகையதே என்பதை அவர் ஊரடங்கு நாளில்தான் நேரில் கண்டாராம். "அம்மா நிற்கும் நேரத்தை யாரோ என்னைப் போல் ஒருவன் தான் முடிவு செய்திருக்கிறான் ஐயா" என்றார்.

ஆசிரியர்களாகிய எம் பாட்டையும் சொல்லாமல் விடலாகாது; ஆனால் சுருங்கச் சொல்வோம், புலம்பலாகிவிடும். 'எமிஸ்' என்னும் கல்வித் தகவல் மேலாண்மை முறையால் நன்மை இல்லாமலில்லை. ஒரு பிள்ளை பள்ளி மாறினால் அதன் விவரமும் உடன் செல்கிறது. எனினும் பதிவேற்ற வேண்டியவை ஆண்டுதோறும் பெருகின. இதனால் கற்பித்தல் கெடுகிறதென்று ஆசிரியர் இயக்கங்கள் போராட, வருகைப் பதிவைத் தவிர்த்த ஏனைய பதிவேற்றங்களிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்கக் கல்வித் துறை 2023-இல் இசைந்தது. ஆசிரியர்க்குச் சங்கம் இருந்தது. எனவே பேச்சு நடந்தது. திண்ணையில் பேருந்தைத் தவறவிட்ட அம்மையார்க்கு எந்தச் சங்கம் இருந்தது?

பெயர் பற்றியும் ஒரு சொல். விண்ணப்பப் படிவங்களைக் கணிப்பொறியில் வகுப்பவர்கள் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பாமல் மேலே செல்லவிடாது பூட்டிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நமக்கு ஏது குடும்பப் பெயர்? 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த நாடு இது. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குப் போதுமானது. அந்த எழுத்து ஆதார் அட்டையில் பெயருக்குப் பின்னும், மதிப்பெண் சான்றிதழில் முன்னும், வங்கிப் புத்தகத்தில் விரித்தெழுதிய முழுப்பெயராகவும் நிற்கிறது. மூன்றும் ஒருவரே என்பது கிராம நிர்வாக அலுவலர்க்குத் தெரியும், எமக்குத் தெரியும், எந்திரத்திற்குத் தெரியாது. பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தை 2020 டிசம்பரில் மத்திய அரசு மாற்றியமைத்து, மத்திய மாநிலப் பங்கை 60-க்கு 40 என வகுத்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மேற்படாதவர்க்கு உரிய அத்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரே வருமாறு செய்தது நல்ல ஏற்பாடு. இடையில் கைமாறுவது நின்றது. ஆனால் ஒரு முதலெழுத்து முன்பின்னாக இருந்ததால் தந்தையும் மகளும் வங்கிக்கும் சேவை மையத்திற்கும் நடந்த நடையை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். முன்வரிசையில் இருப்பவர்களே, உங்களில் யாரேனும் அப்படியொரு கட்டம் வரையும் நிலை வந்தால், உங்கள் சொந்தப் பெயரை முதலில் அதில் எழுதிப் பாருங்கள்.

பிறரைக் குறை கூறியாயிற்று. நம்மையும் பார்க்கவேண்டும் அல்லவா?

நம் சங்கம் ஆண்டுதோறும் ஏழை மாணவர்க்கு 1,500 ரூபாய் உதவி வழங்குகிறது. அதற்கான விண்ணப்பம் நான்கு பக்கம், கேள்விகள் 27. அதை வகுத்த குழுவில் நாமும் இருந்தோம். அன்று அது மிகவும் ஒழுங்காகத் தோன்றியது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை எம் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு தாய் காலை முதல் அமர்ந்திருந்தார். விண்ணப்பத்தில் எமது கையொப்பம் வாங்க வந்தவர். நாம் மாடியறையில் வேறு வேலையில் இருந்தோம். அவர் வந்ததை யாரும் எமக்குச் சொல்லவில்லை, அவரும் மேலே வரத் துணியவில்லை. பிற்பகல் இறங்கி வந்தபோது எழுந்து நின்று, "ஐயாவுக்கு வேலை இருக்குமேன்னு பார்த்தேன்" என்றார். பேச்சுக் கொடுத்ததில், இது அவருக்கு நான்காவது நாள் என்று தெரிந்தது. படிவம் வாங்க ஒரு நாள், வருமானச் சான்றுக்கு ஒரு நாள், வார்டு உறுப்பினர் கையொப்பத்திற்கு ஒரு நாள், எமக்காக ஒரு நாள். நூறு நாள் வேலைக்கு 2025–26-இல் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில் நான்கு நாளுக்கு 1,344 ரூபாய். நேர்காணலுக்கு அவர் ஐந்தாம் நாளும் வரவேண்டியிருந்தது. அதையும் கூட்டினால் 1,680 ரூபாய். அவருக்கு நாம் அளித்த உதவி, எமது கையொப்பத்தோடும் பொன்னாடை போர்த்திய மேடையோடும், 180 ரூபாய் நட்டம்.

இக்கணக்கை அன்றிரவு ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். கணக்கில் பிழை இல்லை.

அத்தாளோடு விண்ணப்பப் படி ஒன்றையும் இன்று கொண்டுவந்துள்ளோம். 27 கேள்விகளில் 11-க்கு விடை பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலேயே உள்ளது. எட்டுக் கேள்விகளின் விடையை இத்தனை ஆண்டுகளில் எக்குழுவும் எடுத்துப் பார்த்ததாக எமக்கு நினைவில்லை. அவற்றில் இரண்டை எழுதியவர் நாமே. அவ்விரு வகையையும் சிவப்பு மையால் அடித்துள்ளோம். எஞ்சும் எட்டும் ஒரு பக்கத்தில் அடங்கும். அந்த ஒரு பக்கத்தைப் பெற்றோர் எழுத வேண்டியதில்லை. வகுப்பாசிரியர் பிள்ளையிடம் கேட்டே நிரப்பலாம். வார்டு உறுப்பினர் கையொப்பம் எதற்கென்று செயற்குழு எமக்கு விளக்கினால் ஏற்றுக்கொள்வோம். நேர்காணலை ஞாயிறு மாலையில், குடியிருப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். நடக்க வேண்டியவர்கள் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் உள்ள நாம்தாம். பட்டுக்கடை மென்பொருளைத் திருத்திய எம் மாணவர் இதைக் கைப்பேசியில் செய்துதர முன்வந்தார். முதலில் இரண்டு சனிக்கிழமை தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம்; ஒப்புக்கொண்டார். செயற்குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதுவரை காத்திராமல், சிவப்பு மையிட்ட இப்படியை இப்பொழுதே தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம்.